செய்தியை யாரிடம் சொல்வது?

எங்கள் மாதர் சங்கம் இலவசத் தையல் வகுப்பொன்றை ஆரம்பித்தபோது, ஊர்ப் பெரியவர்களிடம் நான்தான் செய்தி சொன்னேன். வந்தவர்கள் நால்வர் மட்டுமே. கணவரை இழந்த சகோதரிகளுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

மனம் நொந்திருந்த வேளையில் ஓர் ஆய்வை வாசித்தேன். ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள், செய்தி எவர் வழியாகப் போகிறது என்று ஆராய்வதைச் சமூக வலையமைப்பு ஆய்வு என்பார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலான பொருளியல் அறிஞர்கள் இந்தியாவின் கர்நாடகத்தில் 213 கிராமங்களில் இதைப் பரீட்சித்தனர். "செய்தி பரவ வேண்டுமானால் யாரிடம் சொல்லலாம்?" என்று சனங்களிடமே கேட்டனர். சனங்கள் காட்டியவர்களிடம் சொன்ன செய்தி, ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதை விடக் கூடுதலாகப் பரவியது. ஹரியானாவிலும் இவ்வாறே தெரிவானவர்களிடம் தடுப்பூசி பற்றிச் சொன்னார்கள். எழுமாறாகத் தெரிந்தவர்களிடம் சொன்ன கிராமங்களை விட, அங்கே மாதந்தோறும் 22 சதவீதம் கூடுதலான பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டனர். 2019இல் இம்முடிவுகள் வெளியாகின.

நானும் அயலவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பலரும் சொன்னது அப்பம் சுட்டு விற்கும் அக்காவின் பெயரை! 'வாயாடி' என்று நாம் சங்கத்தில் சேர்க்காமல் விட்டவர். அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் கதிரை போதவில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.