நோகாத இடத்தில் குத்தாதீர்கள்

பாமன்கடையில், தோட்டம் துரவை விட்டு வந்து வாடகை அறையில் இருக்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறார். தொப்புளுக்கு இடப்பக்கம் தேசிக்காய் அளவில் ஒரு தடிப்பு. "அதிலை குத்தினால் நோகாது, பிள்ளையள்" என்றார்.

அங்கேதான் வில்லங்கம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்குக் கீழுள்ள கொழுப்புத் தடித்துவிடும். அதற்குள் போகும் மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது. சீனி ஏறும், மருந்தைக் கூட்டுவார்கள். பிறகு நல்ல தோலில் அதே அளவைப் போட்டால் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே இடத்தை மாற்றுமுன் கிளினிக்கில் தடிப்பைக் காட்டி, அளவைக் குறைக்கவேண்டுமா என்று கேளுங்கள்.

மிளகாய்க் கன்று நட்ட கைக்கு இடைவெளி விடச் சொல்லித்தர வேண்டுமா? முன்பு குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிக் குத்துங்கள். வயிற்றை 4 பாத்தியாக நினைத்து, கிழமைக்கு ஒரு பாத்தி. தொப்புளைச் சுற்றி 2 விரல் அகலம் விடுங்கள். தொடையிலும் போடலாம். குத்துமுன் கையால் தடவிப் பாருங்கள். தடிப்பு, சிவப்பு, புண் இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஊசி ஒருமுறைக்கு மட்டுமே. மழுங்கிய ஊசியும் தோலைக் கெடுக்கும். ஒருவரின் ஊசியை இன்னொருவர் பாவிக்கவே கூடாது, புருசன் பெண்சாதி என்றாலும்தான்.

பெரியவரின் தடிப்புக் கரைய மாதக்கணக்காகும். கிளினிக்கில் காட்டி, இப்போது வலப்பக்கத்தில் போடுகிறார். கொஞ்சம் நோகுதாம்.