கடிகாரங்களும் பட்டப்பெயர்களும்

பெயரிடுதல் மாந்தர்க்கு இயல்பு. ஆதியாகமத்தில் ஆதாமுக்கு வாய்த்த முதற்பணிகளுள் ஒன்று விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிடுதலே. அவ்வியல்பு உயிரில்லாப் பொறிகளிடத்தும் செல்லுதலை, விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைத் தொகுப்போரிடையே காண்கின்றோம். அவர்கள் கடிகாரங்கட்குப் பட்டப்பெயர் இடுவது ஏன்? அதனாற் பொருளின் கவர்ச்சி மிகுவது எவ்வாறு? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடிகாரம் செய்வோர் தம் பொருள்களை எண்களாற் குறிப்பர். ரோலெக்ஸ் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ஒரு கடிகாரத்தின் குறியீடு 116710 பிஎல்என்ஆர் என்பது. இதனை நினைவிற் கொள்வார் யார்? அதன் முகப்பைச் சூழ்ந்த வளையம் பாதி கருமையும் பாதி நீலமுமாய் இருத்தல் கண்டு, படக்கதை வீரனாகிய 'பேட்மன்' பெயரை அதற்கு இட்டனர். ஒருமுறை கேட்டார்க்கும் அது மறவாது. நன்னூலார் முறைப்படி நோக்கின், எண் இடுகுறிப்பெயர் போன்றது, பட்டப்பெயரோ காரணப்பெயர். காரணம் விளங்கும் பெயரே நெஞ்சில் எளிதின் நிலைபெறும்.

அக்காரணங்கள் பலதிறப்படும். 1955-இல் பான் அமெரிக்கன் விமானிகளின் பொருட்டு ரோலெக்ஸ் நிறுவனத்தார் ஜி.எம்.டி. மாஸ்டர் என்னும் கடிகாரத்தை அமைத்தனர். அதன் வளையத்திற் சிவப்பு பகலையும், நீலம் இரவையும் குறித்தன. ஆயின் மக்கள் அந்நிறங்களிற் கண்டது பெப்சி என்னும் பானத்தையே, அதுவே பெயருமாயிற்று. படைத்தோர் கருதியது ஒன்று. கொண்டோர் கண்டது மற்றொன்று. ஜப்பானியச் செய்கோ நிறுவனத்தார் 1975-இல் ஆழ்கடலில் மூழ்குவோர்க்காகச் செய்த கடிகாரம், டூனா எனப்படும் சூரைமீனை அடைத்து விற்கும் தகர டப்பியை ஒத்திருத்தலின் 'டூனா' எனப்பட்டது. இது வடிவு பற்றியது. 1957-இல் தோன்றிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1969-இல் விண்வெளி வீரருடன் சந்திரனிற் சென்றமையின் 'சந்திரக் கடிகாரம்' எனப் பொருள்படும் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தாரே பின்னர் அதனை ஏற்றுக்கொண்டனர்.

இனி, கவர்ச்சியை நோக்குவாம். ரோலெக்ஸ் டேடோனா வகையில் ஒரு முகப்பு, புதிதாய் விற்பனைக்கு வந்த நாளில் மந்தமாகவே விலைபோயிற்று. நடிகர் பால் நியூமன் அத்தகைய ஒன்றை அணிந்தமையால் அவர் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. பின்னர்ப் பலரும் அதனைத் தேடினர். அவர் மனைவியார் அவருக்குப் பரிசளித்த கடிகாரம், 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குமேல் விலைபெற்றது. அஃது அவர்தம் உடைமையாதலின் வியப்பன்று எனலாம். ஆயின், அவர் கைதீண்டாத, அதே முகப்புடைய பிறவும் சாதாரண முகப்புடையவற்றினும் மிக்க விலை பெறுகின்றனவே! அவற்றின் அருமையும் காரணமே. அவ்வருமையைக் கதையாக்கி நெஞ்சிற் பதித்தது பெயர் என்க.

அஃதன்றியும், பட்டப்பெயர் அறிந்தோரை ஒரு குழுவினராக்குகின்றது. விடுதி மாணவர் தம்முள் வழங்கும் பெயர்கள் புறத்தார்க்கு விளங்காமை போல்வதே இது. எட்டாத விலையுடைய பொருளும் எளிய பானத்தின் பெயரால் நமக்கு நெருங்கியதாய்த் தோன்றும்.

ஈண்டே எச்சரிக்கையும் வேண்டும். 2018-இல் வந்த எஃகுப் 'பெப்சி'க்கும் 2019-இல் வந்த 'பேட்மனு'க்கும் உள்ளியங்கும் பொறி 3285 என்னும் ஒன்றே. பெயர் ஒரு நொடியையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. நம் அன்பைப் புலப்படுத்த இட்ட பெயர், வணிகர் கையில் நம் ஆசையைத் தூண்டும் கருவியாகலாம். பிறர்பொருள் விழைதலை விலக்கும் கற்பனையைக் கற்ற நாம், ஒரு பொருளை விரும்புமுன், விரும்புவது பொருளையோ அதன் பெயரையோ என வினவிக்கொள்ளுதல் நன்று. எப்பெயர் பூண்ட கடிகாரமும் காட்டுவது, மீண்டும் வாராத அந்த ஒரு நேரத்தையே அன்றோ?