வில்லுக்கரையில் ஒரு பிறந்தநாள் விழா

பிள்ளைக்கு நான்கு வயது நிறைகிறதென்றால், "எதை வைத்து அலங்கரிப்பது?" என்ற பேச்சே வீட்டில் முதலில் எழுகின்றது. ஒரு கருப்பொருளைத் தேர்ந்து, மேசை, பலகாரம், விளையாட்டு யாவற்றையும் அதற்கிசைய அமைப்பது வழக்கமாகிவிட்டது. வழக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால், அயல்வீட்டு விழாவைப் பார்த்துவிட்டுக் கடன்பட்டேனும் கடைப்பொருளை வாங்குவதுதான் நமக்கு உடன்பாடில்லை. பனிநாட்டு அரசகுமாரியை வண்ணாத்திவில்லு வெயிலிற் கொண்டுவந்து நிறுத்துவானேன்?

இவ்வூர்ப் பெயரிலேயே கருப்பொருள் இருக்கின்றது. மழைநீர் தேங்கி இயற்கையாய் அமைந்த ஆழமற்ற நீர்நிலையே வில்லு. 1938 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட வில்பத்துக் காட்டில் இத்தகைய வில்லுகள் பல உண்டு. மாரியில் நிரம்பி வெயிலிற் சுருங்கும் அந்நீரை நாடி மானும் யானையும் கரடியும் சிறுத்தையும் வருகின்றன. சின்னஞ்சிறு பிள்ளைக்கு இதனினும் இனிய கதை வேறென்ன வேண்டும்?

ஒரு பெரிய தாம்பாளத்தில் ஈரமணலைப் பரப்பி, நடுவே தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைப் பதித்து, சுற்றிலும் புல்லைச் செருகினால் மேசைமீது வில்லு தயார். விலங்குகளை ஒரு வாரம் முன்னதாகவே களிமண்ணிற் பிடித்து நிழலில் உலர்த்த வேண்டும். அவற்றைப் பிள்ளையே செய்யட்டும். யானை பன்றியைப்போல் இருந்தாலும் தாயார் திருத்தலாகாது!

விளையாட்டுக்கு முற்றத்து மணலே போதும். வாசலிலிருந்து பரிசுப்பொருள் ஒளித்த இடம்வரை அடிச்சுவடுகளைப் பதித்துவையுங்கள். மானுக்கு இரட்டைக் குளம்பு; யானைக்குப் பானையின் அடிப்பாகம். சிறுத்தை நடக்கையில் நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் அதன் சுவட்டில் நகக்குறி காணப்படாது. கரடியின் சுவட்டிலோ நீண்ட நகங்கள் தெளிவாய்ப் பதியும். முட்டியையும் விரல் நுனிகளையும் அழுத்தி இவ்விரண்டையும் வரைந்துவிடலாம். எது சிறுத்தை, எது கரடி என்று கண்டுபிடிப்பதில் குழந்தைகள் கொள்ளும் பரபரப்பைப் பெரியோரும் கண்டு களிக்கலாம்.

அழைக்கும் குழந்தைகள் ஐந்தாறு பேராயின் நன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழா நீண்டால் அழுகை தொடங்கிவிடும். வட்டிலப்பத்தைச் சிறு கிண்ணங்களில் அவித்துக்கொள்ளலாம். அதன்மேல் தூவும் மரமுந்திரிப் பருப்பைப் பொடியாக்கிக்கொள்வது அவசியம். முழுப் பருப்பு இளம்பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். வெடித்த பலூன் துண்டிலும் இதே ஆபத்துண்டு. ஆதலால் பலூனுக்குப் பதில் குருத்தோலைத் தோரணமே கட்டுவோம்.

பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, மாலை முதலியவை 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளன. இப்பகுதித் தாய்மாருக்கு இதில் தனி அக்கறை இருத்தல் இயல்பே. கொழும்பின் குப்பை 2019 இல் வந்து சேரத் தொடங்கிய அருவக்காடு, வண்ணாத்திவில்லுப் பிரதேசத்திலேயே உள்ளது. அதை எதிர்த்துப் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கியதை யார் மறப்பர்? அவ்வாறிருக்க, ஒரு மாலைப்பொழுதுக்காக வாங்கிய மினுமினுப்புத் தாளை நம் கையாலேயே அவ்விடத்துக்கு அனுப்பலாமோ? வாழையிலையில் பரிமாறினால் மறுநாள் ஆட்டுக்கு இரையாகும்.

மாரிக்காலப் பிறந்தநாளாயின் முற்றம் உதவாது. அப்போது பழைய அட்டையிற் சுவடுகளை வெட்டியெடுத்து, விறாந்தைத் தரையில் வைத்து, அரிசிமாவைத் தூவிக்கொள்ளலாம்.