பழைய கைப்பையின் மதிப்பு

பயன்படுத்தப் பயன்படுத்த ஒரு பொருளின் விலை குறையும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். தேய்மானம் என்று அதற்குப் பெயர். ஆனால், அந்தப் பாடத்துக்கு அடங்காத பொருள்கள் சில உண்டு. நல்ல தோலில் செய்த கைப்பை அவற்றுள் ஒன்று. லண்டன், பாரீஸ் ஏலக்கூடங்களில் பல ஆண்டுகள் புழங்கிய கைப்பைகள் சில, புதியவற்றைவிடக் கூடுதல் விலைக்குப் போகின்றன. நம் ஊரிலோ, அதே வயதுடைய தோல் பை பழைய பொருள் வாங்குபவரின் தராசுக்குப் போகிறது.

பணி ஓய்வுக்குப் பின் செஞ்சியில் வசிக்கும் நான், சில ஆண்டுகளாகப் பழைய தோல் கைப்பைகளைச் சேகரித்துச் செப்பனிட்டு வருகிறேன். ஆசிரியைகள் பள்ளிக்கு எடுத்துச் சென்ற பைகள், மருத்துவரின் வாயகன்ற பை, பேருந்து நடத்துநரின் தோள்பை, பூவேலைப்பாடு கொண்ட சாந்திநிகேதன் கைப்பை ஆகியவை என் சேகரிப்பில் உள்ளன. இவற்றைப் பிரித்துத் தைக்கும்போது புலப்படுவது தோலின் தரம் மட்டுமன்று. தமிழகத்தின் தொழில் வரலாறும்கூட.

செஞ்சியைச் சுற்றியுள்ள வறண்ட நிலங்களில் தானாக வளர்ந்து கிடக்கும் ஆவாரஞ்செடிதான் அந்த வரலாற்றின் தொடக்கம். அதன் பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து, அழுகாமல் காக்கிறது. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்தெடுத்த தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். சாந்திநிகேதன் கைப்பைகளும் இவ்வாறு தாவரப் பொருள்களால் பதனிட்ட ஆட்டுத்தோலில் செய்யப்படுபவையே.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாள்களில் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் அதைச் சோதித்தார். கவலை ஏற்றத்தின் தோல் சால் தண்ணீரில் விரைவில் கெடாமல் உழவருக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. 1970-களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வளர்ந்தன, பாலாறு பாழானது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்சநீதிமன்றம் 1996-இல் உறுதிப்படுத்தியது வேலூர் தோல் ஆலைகள் வழக்கில்தான். பட்டையில் பதனிடுவதும் மாசற்றதன்று. உப்பும் கரிமக் கழிவும் அதிலும் உண்டு. ஆகவே, எந்த முறையில் பதனிட்டாலும், ஆற்றையும் நிலத்தையும் விலையாகக் கொடுத்துப் பெற்ற தோலை இரண்டே ஆண்டுகளில் குப்பையில் எறிவது பெரும் விரயம்.

பழைய பையை வாங்குபவர் முதலில் அதன் வெட்டுவிளிம்பைப் பார்க்க வேண்டும். பட்டையில் பதனிட்டதென்றால் உட்பகுதி பழுப்பாக இருக்கும். குரோமியத் தோலில் பெரும்பாலும் நீலச்சாம்பல் தெரியும். துணியின்மேல் பூச்சு தெரிந்தால் அது தோலே அன்று. செயற்கைப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து உரியத் தொடங்கினால் செப்பனிட வழியில்லை. தோலின் மேற்பரப்பு செம்பொடியாக உதிர்ந்தால் நார்கள் அமிலத்தால் அரிபட்டுவிட்டன என்று பொருள். அதை மீட்க இயலாது, மேலும் உதிராமல் தடுக்க மட்டுமே இயலும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்த பையை வெயிலில் காயவைக்கக் கூடாது. நிழலில் காற்றாட வைத்துத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை அள்ளித் தடவினால் தோல் கறுத்துத் தளர்ந்துவிடும். தேன்மெழுகு கலந்த பூச்சு சிறிதளவு போதும். நெகிழி உறையில் மூடி வைப்பதும் தவறு. தையல் பிரிந்திருந்தால், மெழுகிட்ட ஒரே நூலின் இருமுனைகளிலும் ஊசி கோத்து, பழைய துளைகளிலேயே எதிரெதிராகச் செலுத்தித் தைக்க வேண்டும். இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் எளிதில் பிரியும். இந்தக் கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும்.

இனி, கணக்குக்கு வருவோம். 1,500 ரூபாய்க்கு வாங்கும் செயற்கைத் தோல் பை இரண்டு ஆண்டுகள் உழைப்பதாகக் கொண்டால் ஆண்டுச் செலவு 750 ரூபாய். 6,000 ரூபாய்க்கு வாங்கும் தோல் பையை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 300 ரூபாய் கொடுத்துச் செப்பனிட்டு இருபது ஆண்டுகள் பயன்படுத்தினால், மூன்று முறை பழுதுநீக்கியும் ஆண்டுச் செலவு 345 ரூபாய்தான். இருந்தும் மக்கள் ஏன் முதலாவதை வாங்குகிறார்கள்? ஒரே தவணையில் 6,000 ரூபாய் கொடுக்க இயலாமை ஒரு காரணம். மற்றொன்றை ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார்: பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது, தரமற்றது தரமானதைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும். வெட்டுவிளிம்பைப் படிக்கத் தெரியாத வாங்குபவர், எல்லாப் பைக்கும் ஒரே விலைதான் தருவார்.

மூன்றாவது காரணத்தைப் பாடநூல்கள் பேசுவதில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் பை வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு, அவர் கேட்கும் முப்பது ரூபாய்க்கும் பேரம் பேசுகிறோம். அதே திறனுக்கு ஐரோப்பியக் கைவினைஞர் பல மடங்கு கூலி பெறுகிறார். இந்த வேறுபாட்டைத் தேவை, அளிப்பு ஆகிய இரண்டு கோடுகளால் மட்டும் விளக்கிவிட முடியாது. தோலைத் தொட்ட கையைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய சமூகம், அந்தக் கையின் திறனுக்கும் விலையைக் குறைத்தே வைத்தது. குத்தூசி பிடிக்கும் தொழிலாளியின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவது நியாயமானது, வரவேற்கத்தக்கதும்கூட. பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலாக இது தொடர வேண்டியதில்லை. எவரும் விரும்பிக் கற்று, மதிப்போடு வாழக்கூடிய தொழிலாக மாற வேண்டும். மாறாவிட்டால், அந்தத் திறன் சொல்லாமலே மறைந்துவிடும்.

அதற்கான அடித்தளம் நம்மிடம் உள்ளது. சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தோல் பொருள் பழுதுநீக்கலைக் குறுகியகாலப் பயிற்சியாக, எல்லாச் சமூகத்தினருக்கும் அளிக்கலாம். சாலையோரத்தில் வெயிலில் அமர்ந்திருப்பவருக்கு ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நிழற்கடை ஒதுக்கலாம். செஞ்சிக் கோட்டை 2025-இல் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றுள்ளது. வரும் பயணிகளுக்கு விற்க, நெகிழிப் பொம்மைகளைவிட இந்த மண்ணின் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பொருள்கள் பொருத்தமானவை.

புதிய பை ஒன்றை வாங்கினால் அதன் விலை நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஏறும். பழைய பையைச் செப்பனிட்டால் சிறிய கூலி மட்டுமே ஏறும். தவிர்க்கப்பட்ட குப்பையும், மிச்சமான தண்ணீரும் அந்தக் கணக்கில் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை பையின் வார் அறுந்தால், தூக்கி எறியுமுன் தெருமுனையில் அமர்ந்திருப்பவரிடம் கொண்டுசெல்வோம். கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)