திரையில் பிறழும் வரிகள்

சங்கத்தின் பேரேடு கட்டமிட்ட தாளில் இருந்த நாட்களில், ஒருவர் வரியிலிருந்த தொகை தானே நகர்ந்து அடுத்தவர் வரிக்குச் சென்றதாக எவரும் முறையிட்டதில்லை. மை சிந்தியதுண்டு, கரையான் அரித்ததுண்டு, ஆயினும் எழுதிய எழுத்து எழுதிய இடத்திலேயே கிடந்தது. இன்று அப்பேரேட்டின் இடத்தில் கணிப்பொறித் திரை வந்து நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. அதன் பின்னர்ச் சிற்றூர்ச் சங்கங்களின் கணக்குகளும் திரைக்கு ஏறி வருகின்றன.

அத்திரையில் அட்டவணையை மேலும் கீழும் உருட்டும்போது, சில வேளைகளில் ஒரே வரி இருமுறை தோன்றுகிறது. நடுவே வெண்மையான பட்டை விழுகிறது. தலைப்பு ஒருபுறமும் தொகை ஒருபுறமுமாக விலகி நிற்கின்றன. செஞ்சி வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் ஆய்வுக்குச் செல்லுமிடத்து அங்கத்தினர் கேட்பது ஒன்றே: "ஐயா, எங்கள் கணக்கு கலைந்துவிட்டதா?"

கலையவில்லை என்பதே பெரும்பாலும் சரியான விடை. எனினும் விடையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் ஐயம் தீராது. காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கு இருக்கும் இடம் வேறு. திரையில் தெரியும் படம் வேறு. செஞ்சிக் கோட்டை மதிலில் துப்பாக்கி நீட்டுவதற்கென விடப்பட்ட துளைகளை நம் அங்கத்தினர் பலர் பார்த்திருப்பர். அத்துளை வழியே நோக்கினால் கீழேயுள்ள நிலத்தில் ஒரு கீற்றே தென்படும். திரையும் அத்தகைய துளையே. 1,200 அங்கத்தினர் கொண்ட ஒரு சங்கத்தின் கடன் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு 24 புள்ளி உயரம் எனக் கொண்டால் முழுப் பட்டியலின் உயரம் 28,800 புள்ளிகள். அலுவலகங்களில் பரவலாக உள்ள திரையின் உயரமோ 768 புள்ளிகளே. ஆகவே கணிப்பொறி முழுப் பட்டியலையும் வரைவதில்லை. அந்நேரத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டிய இருபது முப்பது வரிகளை மட்டும் வரைகின்றது. மவுஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட, அடுத்த வரிகளை அவசரமாக வரைந்து காட்டுகின்றது.

இவ்வவசரத்தில் அது கைக்கொள்ளும் சிக்கன முறைகளே பிறழ்ச்சிக்கு வித்தாகின்றன. முதல் முறை நெசவாளருக்கு எளிதில் விளங்கும். தறியில் நெய்த துணியைச் சுருட்டும்போது, நெய்து முடித்த பகுதியை எவரும் மறுபடி நெய்வதில்லை. அது அப்படியே முன்னோக்கி நகர, புதிதாக வந்த பாவில் மட்டுமே ஊடை ஓடுகின்றது. கணிப்பொறியும் அவ்வாறே, முன்பு வரைந்த படத்தை அப்படியே பெயர்த்து மேலே நகர்த்திவிட்டு, கீழே திறந்த பட்டையை மட்டும் புதிதாக வரைகின்றது. படத்தின் ஒரு துண்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கும் இவ்வுத்தியை 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்து பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் டான் இங்கால்ஸ் முதலியோர் உருவாக்கினர். நல்ல உத்திதான். ஆனால் நகர்த்திய அளவில் ஒரு புள்ளி தவறினாலும், நகரும் நொடியில் வரியொன்று மாறினாலும், பழைய படத்தின் துண்டு துடைக்கப்படாமல் தங்கிவிடும். ஒரே பெயர் இருமுறை தோன்றுவதும், பாதி வெட்டுண்ட வரி தோன்றுவதும் இதனாலேயே. வெண்பட்டையின் காரணமோ வேறு: அவ்விடத்துக்குரிய விவரம் தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

இரண்டாம் முறை, வரிகளைத் திரும்பப் பயன்படுத்துவது. மேலே மறைந்த வரியின் சட்டத்தை எடுத்து, அதில் புதிய பெயரையும் தொகையையும் இட்டு, கீழே பொருத்திவிடுகின்றது மென்பொருள். பெயரையும் தொகையையும் மாற்றிவிட்டு நிறத்தை மாற்ற மறந்தால் என்னாகும்? ஒரு சங்கத்தில் நாம் இருந்தபோதே நிகழ்ந்தது. நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், தவணையைக் கட்டித் தீர்த்த ரசீதுடன் வந்திருந்தார். திரையில் அவர் பெயரோ தவணை தவறியோர்க்குரிய செந்நிறத்தில் நின்றது. அவர் ரசீதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசிய பேச்சு நயமானதன்று; காரியதரிசியும் அதற்குக் குறையாது மறுமொழி கூறினார். சாளரத்தை ஒருமுறை சுருக்கி விரித்ததும் செந்நிறம் மறைந்தது. அந்நிறம் அவருக்கு முன்னிருந்த வேறொருவருடையது. கணக்கில் ஒரு காசும் தவறில்லை; ஆயினும் இருபது ஆண்டுப் பழக்கமுள்ள இருவர் அன்று முகம் கொடுத்துப் பேசாமல் பிரிந்தனர்.

இதனை அற்பமென ஒதுக்க நமக்கு மனமில்லை. 2021 பிப்ரவரியில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுமெனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அத்தகைய காலத்தில், பட்டியலில் பெயர் உண்டா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் நிம்மதியைப் பொறுத்த கேள்வியாகும். உருட்டும்போது ஒரு வரி மறைந்துபோனதைக் கொண்டு "உங்கள் பெயர் இல்லை" எனச் சொல்லி அனுப்புவது பெரும் பிழை. பெயரையோ அங்கத்தினர் எண்ணையோ இட்டுத் தேடிப் பார்த்த பின்னரே அச்சொல்லைச் சொல்லலாம்.

மேற்கூறியவை கண்ணை மட்டும் ஏமாற்றுவன. கணக்கையே கெடுக்கக்கூடிய இடமும் ஒன்றுண்டு. அலுவலர்கள் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். வரிகள் பிறழ்ந்து தோன்றும் வேளையில் ஒரு வரியின்மேல் மவுஸை அழுத்தினால், கணிப்பொறி திறப்பது நம் கண் கண்ட வரியையன்று. அவ்விடத்தில் எந்த வரி இருப்பதாக அது கணக்கிட்டு வைத்துள்ளதோ அவ்வரியையே. படம் பொய்த்தாலும் அதன் உட்கணக்கு பொய்க்கவில்லையாதலால், கந்தன் கட்டிய பணம் முருகன் கணக்கில் வரவாகிவிடும். அதன்பின் அது திரையின் கோளாறன்று, ஏட்டின் கோளாறு. ஆகவே பிறழ்ச்சி கண்டவுடன் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட வேண்டும். பதிவுக்கான படிவம் திறந்ததும், அதிலுள்ள பெயரையும் எண்ணையும் ரசீதுடன் ஒப்பிட்ட பின்னரே தொகையை இட வேண்டும்.

மற்றொன்று, பத்தி குறுகுவதால் நேர்வது. தொகைகள் வலப்புறம் ஒட்டி நிற்பதால், பத்தி போதாதபோது சில மென்பொருள்களில் இடப்புற இலக்கம் மறைகின்றது. 1,25,000 என்பது 25,000 எனத் தோன்றும். பார்ப்பவருக்கு ஐயமும் எழாது. எக்செல் மென்பொருள் இத்தகைய இடத்தில் எண்ணுக்குப் பதிலாக வேலிக்குறிகளை நிரப்பிவிடும். அழகில்லைதான், ஆனால் அரைகுறை எண்ணைக் காட்டி ஏமாற்றுவதினும் அது நேர்மையானது. தமிழ் எழுத்துக்கும் இவ்வகை இடர் உண்டு. ஆங்கில எழுத்தின் உயரத்தை அளவாகக் கொண்டு வரியை அமைத்தால், மேலே புள்ளி வெட்டுண்டு ‘பட்டு’ என்பது ‘படடு’ ஆகும். அடி வெட்டுண்டால் ‘பு’வும் ‘பூ’வும் ஒன்றாகும். பெயர்கள் நெருங்கி ஒத்திருக்கும் நம் ஊர்களில் இது சிறு தொல்லையன்று.

பரிகாரம் எளிது. சாளரத்தைச் சுருக்கி விரித்தால், அல்லது பத்தியின் அகலத்தைச் சற்றே மாற்றினால், படம் முழுவதும் புதிதாக வரையப்படும். மற்றொரு சாளரத்தை மேலே இழுத்துத் துடைக்கும் பழைய கைவைத்தியம் இப்பொழுது பலிப்பதில்லை. 2007இல் மக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு ஒவ்வொரு சாளரத்தின் படமும் தனியே காக்கப்படுவதே காரணம். அங்கத்தினர் ஐயுற்றுக் கேட்டால், திரையைத் திருப்பிக் காட்டி வாதிடுவதை விடுத்துக் கணக்கு அறிக்கையை அச்சிட்டுக் கையில் கொடுப்பதே முறை. அச்சுக்குரிய படம் வேறாக வரையப்படுவதால், உருட்டும்போது நேர்ந்த பிறழ்ச்சி அதில் வருவதில்லை. இரண்டு தாள் செலவாவதைப் பார்த்துச் சங்கங்கள் கஞ்சத்தனம் காட்டலாகாது.

பிறழ்ச்சி அடிக்கடி நேருமாயின் திரையைப் படம் எடுக்கும் விசையால் ஒரு படம் எடுத்துக்கொள்க. அப்படத்திலும் பிறழ்ச்சி இருப்பின் குறை வரையும் முறையில்; இல்லையெனின் குறை பெரும்பாலும் திரைப்பெட்டியிலோ அதன் கம்பியிலோ இருக்கும். காட்சியின் அளவு 125 அல்லது 150 விழுக்காடாக இருந்தால் 100க்கு மாற்றிப் பார்த்து, வேறுபாடு உண்டா எனக் குறித்துக்கொள்ள வேண்டும். கோடுகள் மறைவதும் விலகுவதும் பல நேரம் இதனால் வருவதே. நாள், நேரம், மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றுடன் எழுதி மேலிடத்துக்கு அனுப்புக. படத்தில் காணும் அங்கத்தினர் பெயர்களையும் கணக்கு எண்களையும் மறைத்த பின்னரே அனுப்புதல் வேண்டும்.