வெட்கமா, வியாதியா? உருதுவுக்குப் போகும் ஒரு கேள்வித்தாள்!

நாலு பேர் முன்னால் சாப்பிடப் பயமா? மேலதிகாரியிடம் பேச? வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்க?

இப்படி 24 சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பயம் எவ்வளவு, அதை எந்தளவு தவிர்க்கிறீர்கள் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் கேட்கிறது ஒரு கேள்வித்தாள். மொத்தம் 144. அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-ல் வெளியிட்டது. 'சோஷியல் ஆங்ஸைட்டி' எனும் சமூகப் பதற்றத்தை அளக்க உலகெங்கும் பயன்படுகிறது.

சரி, பாகிஸ்தானில் உருது பேசுபவரிடம் இதைக் கொடுக்க அகராதி போதாதா? போதாது.

உருதுவில் 'ஷர்ம்' என்றால் வெட்கம், கூச்சம், மானம் எல்லாமே. 'ஹயா' என்றால் அடக்கம். பெண்ணிடம் இருந்தால் பாராட்டுவார்கள். (நம் ஊர் 'நாணம்' ஞாபகம் வருகிறதா?) கேள்வியில் இந்தச் சொற்கள் வந்தால், நோய் இல்லாத பெண்ணும் பெருமையோடு 'ஆமாம்' போடுவாள். நெஞ்சு படபடக்கும் பதற்றத்துக்கு 'கப்ராஹட்' என்று தனிச்சொல் இருக்கிறது. தயக்கத்துக்கு 'ஜிஜக்'. எந்த வரியில் எது என்பதில்தான் விஷயமே.

இலக்கணமும் படுத்தும். 'பயப்படுகிறேன்' என்பதை ஆண் 'டர்த்தா ஹூன்' என்பார், பெண் 'டர்த்தி ஹூன்' என்பார். ஒன்றை மட்டும் அச்சிட்டால் பாதிப் பேருக்கு அது அடுத்தவரைப் பற்றிய கேள்வி!

வழக்கமான பரிசோதனை ஒன்று உண்டு. ஒருவர் உருதுவுக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஆனால், 'ஷர்ம்' போனால் சமர்த்தாக 'ஷை' என்றே திரும்பி வரும். சிக்கல் அங்கே தெரியாது. அதனால்தான் சிலரிடம் கொடுத்துப் பார்த்து, 'இந்த வரியை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?' என்று உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த 24-ல் ஒன்று, காதல் உறவுக்காக ஒருவரிடம் அறிமுகமாக முயல்வது. கட்டுப்பாடான வீட்டுப் பெண் 'எப்போதும் தவிர்க்கிறேன்' என 3 போடுவாள். அது பயமா, வீட்டு வழக்கமா? பார்ட்டி பற்றிக் கேட்பதைவிட, கல்யாண வீட்டில் உறவினர் கூட்டத்துக்கு நடுவே பேச முடிகிறதா என்று கேட்டால் பதில் உண்மையாக வரலாம்.

மறுபக்கம்தான் கவலை. வாய்மொழித் தேர்வுக்குப் பயந்தே கல்லூரியை விட்டு நிற்கிறாள் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். 'எங்கள் பெண் ரொம்ப அடக்கம்' என்கிறது வீடு. அவள் அனுபவிப்பது 'கப்ராஹட்' என்று மருத்துவருக்குச் சொல்ல, அவள் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.