நாடு பல சுற்றி நம் மொழியில் நின்றவர்

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கோடை விடுமுறை நெருங்கும்போது பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் எழும் ஒரு பேச்சு இந்தப் பழமொழியை நினைவூட்டுகிறது. மகனோ மகளோ திருச்சபை வாலிபர் குழுவுடன் ‘குறுகிய கால ஊழியம்’ செய்யப் புறப்பட வேண்டும் என்பார்கள். இரண்டு வாரம் நேபாளம், ஒரு மாதம் தாய்லாந்து, வழியில் இலங்கை என்று திட்டம் இருக்கும். பெற்றோருக்குப் பெருமையும் உண்டு, கலக்கமும் உண்டு. செலவுக்குப் பணம் திரட்ட வேண்டும். படிப்புக் கெடுமோ என்ற கவலையும் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி நிற்கிறது. மொழி தெரியாத ஊரில் இரண்டு வாரம் இருந்து, யாருக்கு என்ன நன்மை செய்துவிட முடியும்?

இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 130 ஆண்டுகளுக்கு முன்னால், இப்படி நாடு நாடாகச் சுற்றிவிட்டு நம் பெங்களூரில் வந்து இறங்கிய ஓர் இளம்பெண்ணின் வரலாறே போதும். திருநெல்வேலிச் சீமையில் ‘டோனாவூர் அம்மா’ என்று பெயர் பெற்ற ஏமி கார்மைக்கேல்தான் அவர்.

ஜப்பானில் ஒரு கையுறை

ஏமி 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தவர்களில் இவரே மூத்தவர். 18 வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே தொண்டாற்றினார். பின்னர் சீனாவுக்குப் போக விரும்பி 1892இல் சீன உள்நாட்டு மிஷனில் விண்ணப்பித்தார். உடல்நிலை போதாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

ஆனாலும் மனம் தளராமல் 1893இல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். மாத்சுயே என்ற ஊரில் தங்கி, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு வீடு வீடாகச் சென்றார். அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் சொல்வது.

நல்ல குளிர்காலம். நோயுற்ற ஒரு மூதாட்டியிடம் ஏமி பேசிக்கொண்டிருந்தார். மூதாட்டியும் கவனமாகக் கேட்டார். நடுவில் அவர் பார்வை ஏமியின் கையில் இருந்த ரோமக் கையுறையில் விழுந்தது. ‘இது என்ன?’ என்று கேட்டார். அவ்வளவுதான், அதுவரை பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. ஏமி வீடு திரும்பி, ஆங்கில உடையைக் களைந்து வைத்துவிட்டு ஜப்பானியர்களின் கிமோனோவை உடுத்திக்கொண்டார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. போனவர் என்ன சொல்ல நினைத்தாலும், பார்ப்பவர் முதலில் பார்ப்பது அவருடைய கையுறையைத்தான். இன்றைய கையுறை கைப்பேசியாக இருக்கலாம், ஒரே நிறச் சட்டை அணிந்து வரும் கூட்டமாகவும் இருக்கலாம்.

ஜப்பானில் 15 மாதங்கள். உடல்நலம் கெட்டதால் 1894இல் அங்கிருந்து புறப்பட்டுச் சீனாவின் ஷாங்காய் சென்றார். அங்கே சொற்ப நாட்களே இருந்தார். பிறகு இலங்கை. அங்கும் நான்கு மாதம் முழுதாக ஆகவில்லை. தம்மை மகளாக ஏற்று ஆதரித்த பெரியவர் நோயில் விழுந்தார் என்ற செய்தி வந்து, இங்கிலாந்து திரும்பினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மூன்று நாடுகள்! இன்று நாம் ‘குறுகிய கால ஊழியம்’ என்பதன் இலக்கணத்துக்கு இது அப்படியே பொருந்தும். எந்த நாட்டிலும் அவர் வேர் ஊன்றவில்லை.

பெங்களூரில் ஓராண்டு

1895இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷன் சங்கம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. ‘ஜெனானா’ என்றால் வீட்டில் பெண்கள் புழங்கும் பகுதி. ஆண் மிஷனெரிகள் நுழைய முடியாத அந்த இடத்தில் பெண்களுக்கு மருத்துவமும் கல்வியும் கொண்டுசெல்வதே அச்சங்கத்தின் நோக்கம். பெங்களூரில் அதற்கொரு மருத்துவமனை இருந்தது. இவ்வூரின் தட்பவெப்பம் உடம்புக்கு ஏற்றது என்ற நம்பிக்கையோடு 1895 நவம்பரில் சென்னை வழியாக வந்து சேர்ந்த ஏமியை, முதலில் வரவேற்றது டெங்குக் காய்ச்சல்!

மைசூர் சமஸ்தானத்து நகரில் அவர் கற்கத் தொடங்கிய மொழி எது? கன்னடம் அன்று, தமிழ். இது நம் வாசகர்களுக்கு வியப்பாக இராது. 1809இல் பிரிட்டிஷார் இங்கே அமைத்த கன்டோன்மென்ட்டில், அதாவது நம் முன்னோர் ‘தண்டு’ என்று அழைத்த பகுதியில், சென்னை மாகாணத்துப் படைவீரர்களும் வணிகர்களும் தொழிலாளர்களும் குடியேறி, கடைத்தெருவில் தமிழே பெருவழக்காகி இருந்தது. நம்மில் பலருடைய குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்த வழியும் அதுவே.

ஆனால் பெங்களூர் வாழ்க்கை ஏமிக்கு நிறைவளிக்கவில்லை. முன்ஷி வந்து பாடம் சொல்லிப் போவார். அதன் பிறகு சுற்றிலும் ஆங்கிலம். வெள்ளைக்காரர் வட்டத்துக்குள் இருந்துகொண்டு தமிழ் படிப்பது, கரையில் உட்கார்ந்து நீச்சல் பழகுவது போன்றது. அப்போதுதான் தமிழில் நல்ல புலமை பெற்றிருந்த திருநெல்வேலி மிஷனெரி தாமஸ் வாக்கர் ஐயரை ஊட்டியில் சந்தித்தார். தமிழ் கற்க வேண்டுமானால் தமிழர் நடுவே வந்து வாழ வேண்டும் என்பது ஐயரின் கருத்து. 1896 முடியும் தறுவாயில் ஏமி பெங்களூரை விட்டுத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார்.

நின்ற இடம்

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை. 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் கண் மூடும்வரை, ஒரு விடுமுறைக்குக்கூடத் தாய்நாடு திரும்பவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜப்பான் 15 மாதம், சீனா சில நாள், இலங்கை நான்கு மாதத்துக்கும் குறைவு, பெங்களூர் ஓராண்டு, திருநெல்வேலி 54 ஆண்டு! அவருடைய பெயர் இன்றைக்கும் நிற்பது இந்தக் கடைசிக் கணக்கால்தான்.

பண்ணைவிளையைத் தலைமையிடமாகக் கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். உடன் சென்றவர்கள் தமிழ்ப் பெண்கள். இளம் விதவையான பொன்னம்மாள் அவர்களில் முக்கியமானவர். ‘நட்சத்திரக் கூட்டம்’ என்று இந்தக் குழுவுக்குப் பெயர் வந்தது. ஏமி சேலை உடுத்தார், தமிழில் பேசினார். பொன்னம்மாள் போன்றவர்கள் இல்லாமல் ஏமியின் பணி இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து வந்தவர் பெயர் புத்தகத்தில் நிற்கிறது. உள்ளூர்ப் பெண்களின் பெயர் பல வேளைகளில் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது.

1901 மார்ச் மாதம், கோவிலுக்கு அர்ப்பணிக்கப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்தாள். ஒரு பெண்மணி அவளை ஏமியிடம் கொண்டு சேர்த்தார். நான்கு ஆண்டுகளாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடமாடி, தெரிந்த முகமாக ஆகியிருந்ததால்தான் அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து விட இடம் இருந்தது. அந்தக் குழந்தை சொன்னதை இடையில் ஆள் இல்லாமல் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள ஏமிக்குத் தமிழ் இருந்தது. இரண்டு வாரப் பயணியிடம் யார் குழந்தையை ஒப்படைப்பார்கள்?

அந்த ஒரு சிறுமியிலிருந்து வளர்ந்ததே டோனாவூர் இல்லம். 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். 1931இல் கீழே விழுந்து கால் முறிந்தபின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஏமி படுக்கையிலேயே இருந்தார், அங்கிருந்தே எழுதினார்.

அவர் எழுத்துகளில் இந்து சமயப் பழக்கங்களைப் பற்றிய பார்வை ஒருதலையானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து, சட்டமன்றத்தில் போராடியவர் நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது அத்தகைய போராட்டங்களின் பயன். இதையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

தங்கியவர்களையே தமிழ் நினைக்கிறது

யோசித்துப் பாருங்கள், தமிழ் உலகம் கைகூப்பும் மேல்நாட்டவர் யார்? 1841இல் இடையன்குடிக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல். 1839இல் சென்னையில் இறங்கி, சாயர்புரத்தில் தமிழ் வளர்த்து, 1871 முதல் 1882 வரை நம் பெங்களூரின் பிஷப் காட்டன் பள்ளியில் தலைமை வகித்து, 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப். கன்னடத்தாரைக் கேட்டால் கிட்டெல் பெயரைச் சொல்வார்கள். ஜெர்மனியிலிருந்து 1853இல் வந்து, 1894இல் கன்னட அகராதியைத் தந்த அவருக்குப் பெங்களூரில் சிலையே இருக்கிறது. வந்துபோனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். நினைவில் நிற்பவர்கள் தங்கியவர்கள், மொழி கற்றவர்கள்.

இன்றைய பயணங்கள்

குறுகிய காலப் பயணம் ஓர் இயக்கமாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். 1957இல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்க மாணவர் இரு நண்பர்களுடன் கோடை விடுமுறையில் மெக்சிகோவுக்குப் போனதில் தொடங்கியதே ‘ஆபரேஷன் மொபிலைசேஷன்’. அந்த அமைப்பு 1970இல் ‘லோகோஸ்’ என்ற கப்பலை வாங்கியது. 1914இல் கட்டப்பட்ட ‘டூலோஸ்’ 2009 வரை அவர்களுக்காக ஓடியது. 2009இல் ‘லோகோஸ் ஹோப்’ வந்தது. பல நாட்டு இளைஞர்கள் சம்பளமின்றி ஓரிரு ஆண்டுகள் கப்பலில் வேலை செய்து, துறைமுகம் தோறும் புத்தகக் கண்காட்சி நடத்துகிறார்கள். சமையலறையிலும் இயந்திர அறையிலும் கழிக்கும் அந்த ஆண்டுகள் அவர்களுக்குப் பெரிய படிப்பு என்பதில் ஐயமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க இளைஞர், அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குத் தடையை மீறிச் சென்று உயிரிழந்தார். அந்த மக்களின் மொழி வெளியுலகில் எவருக்கும் தெரியாது. வெளியார் கொண்டுவரும் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அவர்கள் கூட்டத்தையே அழிக்கக்கூடும். அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். போனவரின் ஆர்வத்துக்கு விலை கொடுப்பவர்கள் பல வேளைகளில் அங்கேயே வாழ்பவர்கள்தாம்.

அப்படியானால் பிள்ளைகளை அனுப்பக் கூடாதா? அனுப்பலாம். ஏமிக்கு ஜப்பான் வீணாகவில்லை. கையுறைப் பாடத்தை அங்கே கற்றதால்தான் திருநெல்வேலியில் சேலை உடுத்த மனம் வந்தது. குறுகிய காலப் பயணத்தில் நன்மை பெரும்பாலும் போகிறவருக்கே. அதை ஒத்துக்கொண்டு, ‘உதவப் போகிறேன்’ என்பதற்குப் பதிலாகக் ‘கற்கப் போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதே நேர்மை.

பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டுவைக்கலாம். அங்குள்ள திருச்சபை நம் பிள்ளைகளை அழைத்ததா, அல்லது நாமே போகிறோமா? அந்நாட்டுச் சட்டம் சமயப் பணிக்கு இடம் தருகிறதா? விசா அதற்குரியதுதானா? பிள்ளைகள் அடிக்கப்போகும் சுண்ணாம்பை உள்ளூர்க் கொத்தனார் கூலிக்கு அடித்தால், அவர் வீட்டில் அடுப்பு எரியாதா? குழந்தைகள் இல்லத்தில் பத்து நாள் கொஞ்சிவிட்டுத் திரும்பினால், அந்தக் குழந்தைகள் மனம் என்ன படும்? புறப்படுமுன் அந்த மொழியில் நூறு சொல்லாவது கற்றாயிற்றா? திரும்பிய பின் அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போவார்களா?

‘அகல உழுவதை விட ஆழ உழுவது மேல்’ என்பதும் நம்மவர் சொல்தான். ஐந்து நாடுகளுக்கு ஒருமுறை போவதைவிட ஓர் ஊருக்கு ஐந்து முறை போவது நல்லது.

இது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டுமான செய்தி அன்று. பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ ஊர் விட்டு வந்த நம் எல்லோருக்கும் இது பொருந்தும். இதே பெங்களூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் பக்கத்து வீட்டாரிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தெரியாதவர் நம்மில் இல்லையா? கடல் கடந்து சேவைக்குப் புறப்படும் பிள்ளைக்கு முதல் பயிற்சி நம் தெருவிலேயே இருக்கிறது. அயலார் மொழியைக் கற்று, அவர்கள் நல்லது கெட்டதில் பங்கு கொண்டு, கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்கப் பழகட்டும். அப்படிப் பழகிய பிள்ளை எந்த நாட்டுக்குப் போனாலும் மூன்று நாள் விருந்தாளியாக இராது.